நான்காவது கை

டெஸ்மண்ட் பைக்ராஃப்டும் நெவில் டான்ஸ்லியும் கார் கட்டுவதென்று முடிவெடுத்தது ரஷ்டன் ஊர்ப் பப்பில், நெவிலின் ஐம்பதாவது பிறந்தநாளன்று. பப்பில் எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் மறுநாள் காலை வரைகூடத் தாங்காது. இது தாங்கிவிட்டது. அடுத்த சனிக்கிழமையே நெவில் ஒரு கட்டு வரைபடங்களோடு வந்து நின்றான்.

இருவரும் ஒரே தெருவில், இரண்டு வீடு தள்ளி இருந்தவர்கள். டெஸ்மண்ட் கன்வேயர் செய்யும் கம்பெனியில் ஃபிட்டர். நெவில் ஷூ ஃபாக்டரியில் மெஷின்களுக்கு எலக்ட்ரீஷியன். அவர்கள் கட்ட நினைத்தது கூரையும் கதவும் இல்லாத இரண்டு பேர் கார். அரை டன்தான் எடை. உட்கார்ந்தபடியே கையை வெளியே தொங்கவிட்டால் விரல் ரோட்டில் உரசும். மூக்குப் பகுதியும் மட்கார்டுகளும் ஃபைபரில் செய்து அட்டைப்பெட்டியில் வந்துவிடும். என்ஜின், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் எல்லாம் துருப்பிடித்த ஒரு பழைய குடும்பக் காரிலிருந்து கழற்றிக்கொள்ளலாம். சட்டகத்தை மட்டும் சதுரக் குழாய்களை அறுத்து வெல்டிங் வைத்து நாமே செய்துகொள்ள வேண்டும்.

"நெருப்பு வேலை உனக்கு, கரண்ட் வேலை எனக்கு" என்றான் நெவில். "ஆளுக்கொண்ணு. ரெண்டும் ஒரே அச்சு. உன்னுது பச்சை, என்னுது மஞ்சள்."

"மஞ்சளா? கஸ்டர்டு ஊத்தின மாதிரி இருக்கும்டா."

"இருக்கட்டும். தூரத்துலயே தெரியும்ல."

மூன்றரை வருஷம் சனிக்கிழமைகளெல்லாம் டெஸ்மண்டின் கராஜில்தான் கழிந்தன. டெஸ்மண்டின் மனைவி பாலின் டீ போட்டுக்கொண்டு வருவாள். நெவிலின் மனைவி க்ளெண்டா தட்டில் சாஸேஜ் ரோலும் வாயில் கிண்டலுமாக வருவாள்.

"எங்க வீட்டு அலமாரிக் கைப்பிடி உடைஞ்சு பதினோரு வருஷம் ஆச்சு. அதை மாட்ட இவனுக்கு நேரமில்ல. கார் கட்ட மட்டும் நேரமிருக்கு."

"அலமாரி எண்பது மைல் வேகத்துல போகுமா, க்ளெண்டா?" என்பான் டெஸ்மண்ட்.

"உங்க காரும் போகப்போறதில்ல. வெயில் காலம் முடிஞ்சு போயிடும், நீங்க இன்னும் போல்ட் தேடிக்கிட்டு இருப்பீங்க."

டெஸ்மண்டுக்கு அந்தச் சனிக்கிழமைகள் பிடித்திருந்தன. கம்பெனியில் முப்பது வருஷமாக அவன் செய்ததெல்லாம் வேறு யாருடைய பெட்டியையோ ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும் பட்டைகள். இது அவனுடையது. அவனுக்கு வெல்டிங் கை நன்றாக வரும். கம்பி உருகி இரும்போடு ஓடிச் சேரும்போது எழும் சீரான ஓசையை வைத்தே, மாஸ்க்குக்குள் கண்ணை மூடிக்கொண்டுகூட, ஒட்டு பிடித்ததா இல்லையா என்று சொல்லிவிடுவான்.

இரண்டாம் வருஷம் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, முன்சக்கரங்களைச் சட்டகத்தோடு பிணைக்கும் கீழ்க்கைகளைச் செய்தான். குழாயை முக்கோணமாக வளைத்து ஒட்டிய கைகள். காருக்கு இரண்டு, ஆக மொத்தம் நான்கு. சக்கரத்தின் மொத்தப் பாரமும் அந்தக் கையில்தான் நிற்கும். நான்காவது கையின் கடைசி ஒட்டில், காற்றுப் படாமல் ஒட்டை மூடிக் காக்கும் கேஸ் சிலிண்டரில் தீர்ந்துபோயிற்று. காற்றுப் பட்டால் உருகிய இரும்பு பொங்கிவிடும். ஓசை மாறி, வெடித்து வெடித்துத் துப்பியது. மாஸ்க்கைத் தூக்கிப் பார்த்தான். ஒட்டு முழுக்கத் தேன்கூடு மாதிரி பொத்தல். நான்கு கையும் கடையில் வாங்கியதுபோல வழவழவென்று இருக்க வேண்டும் என்று நெவில் கேட்டிருந்ததால் எல்லா ஒட்டையும் கிரைண்டரால் மழித்திருந்தான். இதையும் மேலாக மழித்துவிட்டு, திங்கட்கிழமை கேஸ் வாங்கி வந்து தோண்டியெடுத்து மறுபடி போடலாம் என்று சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டு பெஞ்சின் மேல் வைத்தான். நெவிலுக்கு அன்று சளி, வரவில்லை.

மறுநாள் டெஸ்மண்டும் பாலினும் அவள் அண்ணன் வீட்டுக்கு லெஸ்டர் போயிருந்தார்கள். சாயங்காலம் திரும்பி வந்தபோது வீட்டின் பின்புறம் துணி காயப்போடும் கம்பியில் நான்கு கைகளும் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பளபளவென்று கறுப்புப் பெயின்ட், இரண்டு கோட்டு. பக்கத்தில் நெவில், மூக்கு சிவக்க, கையில் பிரஷ்ஷோடு.

"நேத்து வரமுடியலயேன்னு கஷ்டமா இருந்துச்சு. அதான் இன்னைக்கு வந்து என் பங்கை முடிச்சிட்டேன். துடைச்சு, சுத்தம் பண்ணி, எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சேன். எப்படி இருக்கு?"

டெஸ்மண்ட் கம்பியை நோக்கி நடந்தான். நான்கும் ஒன்றுபோலவே இருந்தன. சாக்பீஸ் குறி துடைத்த துணியோடு போயிருந்தது. எது அந்தக் கை என்று அவனுக்கே தெரியவில்லை. சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். நான்கையும் பெயின்ட் சுரண்டிப் பார்த்திருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும். நெவில் சளியோடு வெளியே நின்று, சின்னப் பிள்ளை மாதிரி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா இருக்குடா" என்றான் டெஸ்மண்ட்.

அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். அடுத்த வாரம் நெவில் சீட்டுப் போடுவதுபோல, "இது உனக்கு, இது எனக்கு, இது உனக்கு, இது எனக்கு" என்று கைகளைப் பிரித்து, இரண்டு சட்டகங்களிலும் மாட்டியே விட்டான். அதன் பிறகு அதைப் பற்றி நினைப்பது குறைந்துகொண்டே வந்தது. ஒரு ஒட்டு தானே, மீதி மூன்று ஒட்டு பிடித்துக்கொள்ளாதா என்று தனக்கே சொல்லிக்கொண்டான். அரசு சோதனை நிலையத்தில் ஓர் அதிகாரி இரண்டு காரையும் அரை நாள் சோதித்தார். ஸ்டியரிங் நடுவில் முனை கூர்மையாக இருக்கிறது என்றார், நெவிலின் பின்விளக்கு இரண்டு அங்குலம் தாழ்வு என்றார். கைகளைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அன்றோடு டெஸ்மண்ட் அதை மறந்தே போனான்.

மே மாதம் இரண்டு கார்களும் ரோட்டுக்கு வந்தன. அந்தக் கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நால்வரும் ஊர் சுற்றினார்கள். க்ளெண்டா தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, "பல்லுல பூச்சி ஒட்டுது" என்று கத்தியபடியே சிரித்தாள். அலமாரிக் கைப்பிடி பற்றி அவள் பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு காலை, மனைவிகள் வரவில்லை, இவர்கள் மட்டும் அவுண்டில் என்ற ஊர்ப் பக்கம் கிளம்பினார்கள். நெவில் முன்னால், டெஸ்மண்ட் பின்னால். நெவில் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் பேசினான். கிளம்பும்போது கிண்டல் ஒன்றும் வரவில்லை. அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவே ரோடு காய்ந்து கிடந்தது. ஒரு வளைவில் மஞ்சள் கார் மறைந்தது. டெஸ்மண்ட் அந்த வளைவைத் திரும்பியபோது ரோடு காலியாக இருந்தது. இடதுபுற வேலியில் ஒரு கார் அளவுக்கு ஓட்டை. அதற்கப்பால் ஓர் ஓக் மரம்.

நெவிலின் உயிர் அங்கேயே போய்விட்டது. டெஸ்மண்ட் அவன் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொடுத்துத் தாங்கியபடி ஆம்புலன்ஸ் வரும்வரை உட்கார்ந்திருந்தான். ஒரு கட்டத்தில் குனிந்து பார்த்தான். இடது முன்சக்கரம் காருக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. அதன் கீழ்க்கை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. கறுப்புப் பெயின்ட் அப்போதும் பளபளவென்றுதான் இருந்தது.

மரண விசாரணை மார்ச்சில் நடந்தது. போலீஸின் வாகன நிபுணர் தாள்களைப் புரட்டியபடி சொன்னார்: இடது கீழ்க்கை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது, உடைந்த முகங்கள் மோதலில் நசுங்கிவிட்டதால், அது உடைந்ததால் கார் தடம் மாறியதா, மரத்தில் மோதியதால் அது உடைந்ததா என்று சொல்ல முடியாது, ரோட்டில் ப்ரேக் தடம் எதுவும் இல்லை. விசாரணை அதிகாரி வயதான மனிதர். டெஸ்மண்டைக் கூண்டில் நிற்கவைத்து மென்மையாகத்தான் கேட்டார்.

"இரண்டு கார்களிலும் வெல்டிங் செய்தது நீங்கள்தானே, மிஸ்டர் பைக்ராஃப்ட்?"

"ஆமாங்க."

"உங்கள் வேலையில் எந்த இடத்திலாவது உங்களுக்குச் சந்தேகம் இருந்ததா?"

முன்வரிசையில் க்ளெண்டா கறுப்புக் கோட்டில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையில் கோபம் இல்லை. எதையோ கேட்பதுபோல இருந்தது. அவனால் அந்தப் பார்வைக்கு முன்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

"இல்லைங்க" என்றான்.

விபத்து என்று தீர்ப்பாயிற்று. வெளியே படிக்கட்டில் க்ளெண்டா அவன் கையைப் பிடித்து, "நீ அவன்கூட இருந்தியே, அதுவே போதும் டெஸ்" என்றாள். அன்றிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கராஜில் பச்சைக் கார் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. தெருவில் க்ளெண்டாவைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனான். கம்பெனியில் வெல்டிங் பக்கம் போகாமல் ஸ்டோருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டான். ஃபோர்மேன், "உன் கை மாதிரி இந்த ஷெட்ல இன்னொண்ணு இல்லய்யா" என்றபோது, டெஸ்மண்ட் தன் கைகளைப் பாக்கெட்டுக்குள் நுழைத்துக்கொண்டான்.

ஆகஸ்டில் ஒரு காலை தார்ப்பாயை விலக்கினான். நான்கில் இரண்டு கை அவனுடைய காரில் இருக்கிறது. அந்தப் பொத்தல் ஒட்டு அதில் ஒன்றில் இருந்துவிட்டால் நெவில் செத்ததற்கு அவன் காரணமில்லை. இத்தனை மாதம் ஏன் பார்க்கவில்லை என்பதற்கு அவனிடம் ஒரே பதில்தான் இருந்தது. பார்க்காதவரை, அது இங்கே இருப்பதற்கு இடமிருந்தது.

சக்கரங்களைக் கழற்றி, காரை மரக்கட்டைகளின் மேல் உட்கார வைத்தான். கைகள் இரண்டையும் எடுத்து வைஸ் இடுக்கியில் இறுக்கி, ஒட்டு ஒட்டாக ஹேக்சா ரம்பத்தால் அறுத்தான். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். முதல் ஒட்டு வெள்ளி மாதிரி கெட்டியாக இருந்தது. மற்ற மூன்றும் அப்படித்தான். முதல் கை முடிந்தது. இரண்டாவது கையின் கடைசி ஒட்டை அறுக்கும்போது, 'இதுல இருக்கணும், இதுல இருக்கணும்' என்று அவன் வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. தன் காரின் கை கெட்டுப்போயிருக்க வேண்டும், நான்கு மாதம் எண்பது மைல் வேகத்தில் பாலினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதன் மேல் ஓட்டியிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். ஒட்டு அறுந்து விழுந்தது. ஒரு பொத்தல்கூட இல்லை. வாழ்க்கையில் அவன் வைத்த ஒட்டுகளிலேயே நேர்த்தியானது அதுதான்.

அப்படியென்றால் நெவிலின் இரண்டில் ஒன்று. உடைந்த இடது கையா, உடையாத வலது கையா? நெவிலின் காரை எடுத்துப்போன பழைய இரும்புக் கடைக்குப் போன் செய்தான். ஏப்ரலிலேயே நசுக்கி அனுப்பியாகிவிட்டது என்றார்கள்.

பாலினிடம் சொன்னான். அவள் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

"க்ளெண்டாகிட்ட சொல்லப் போறேன்."

"எதுக்கு? அவ இப்பதான் கொஞ்சம் எழுந்து நடமாடுறா. உன்னால தூக்க முடியலன்னு அவ தலையில இறக்காத."

"சொல்லாம என்னால இருக்க முடியல, பாலின்."

"முடியாதுதான். ஆனா இருந்துதான் ஆகணும்."

அவன் இருக்கவில்லை. நெவில் இறந்த வருஷ நாள் முடிந்த மறுவாரம் ஒரு பிற்பகல் க்ளெண்டாவின் வீட்டுக்கதவைத் தட்டினான். அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "வா கண்ணு, கெட்டில்ல தண்ணி சூடாத்தான் இருக்கு" என்றாள். அவன் உட்காரவில்லை. நின்றபடியே கேஸ் தீர்ந்ததிலிருந்து கோர்ட்டில் சொன்ன பொய் வரைக்கும் சொல்லி முடித்தான். க்ளெண்டா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஸ்விட்சை அணைத்தாள். பிறகு அவள் கேட்டது அவன் எதிர்பார்த்தது அல்ல.

"அவனுக்கு வேலை போனது உனக்குத் தெரியுமா?"

"என்ன?"

"போன வருஷம் ஜூலையிலயே போயிடுச்சு. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தான். தினமும் டிபன் டப்பாவ எடுத்துக்கிட்டுக் கிளம்பிப் போய் எங்கயோ பார்க்ல உக்காந்துட்டு வருவான். அன்னைக்குக் காலையில சண்டை. நான் சொன்னேன்... 'போ, போய்த் தொலை, அந்தக் கார்லயே கிடந்து சாவு'ன்னு." அவள் குரல் உயரவில்லை. "ரோட்டுல ப்ரேக் தடம் இல்லயே டெஸ். ஒரு வருஷமா எனக்கு அது ஒண்ணுதான். அவன் ப்ரேக் அடிக்கவே இல்ல. வேணும்னே மரத்துல கொண்டுபோய் விட்டான், நான் சொன்னதத்தான் செஞ்சான்னு, ஒரு வருஷமா."

க்ளெண்டா இஸ்திரி பாதியில் நின்ற துணியை மடித்து ஓரமாக வைத்தாள்.

"கோர்ட்ல உன்னையே பாத்துக்கிட்டு இருந்தேன். காருல ஏதோ கோளாறுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிட மாட்டியான்னு. நீ இல்லன்ன. அதோட முடிஞ்சுது." மேசையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப சொல்லு. அந்தக் கைதானா?"

"தெரியல, க்ளெண்டா. ரெண்டுல ஒண்ணு. உடைஞ்சது அதுவா இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். இனிமே தெரிஞ்சுக்க வழியில்ல."

"தெரியலன்னு சொல்லவா வந்த?"

அவள் போய் வாசல் கதவைத் திறந்து பிடித்தாள்.

"வெளிய போ" என்றாள். அவன் போகும்போது பின்னாலிருந்து, "போலீஸ்ல போய்ச் சொல்லு. எனக்குச் செய்ய வேண்டியதுல அதாவது செய்" என்றாள்.

மறுநாளே போய்ச் சொன்னான். ஓர் இளம் பெண் அதிகாரி எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினாள். பொய்ச் சாட்சிக்கு உள்ளே போடுவார்கள் என்று எதிர்பார்த்தான். ஒரு வகையில் அதற்காகக் காத்திருந்தான். இரண்டு மாதம் கழித்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. வாகனம் இப்போது இல்லாததால் எதையும் நிரூபிக்க முடியாது, விசாரணையை மறுபடி திறப்பதாக இல்லை, அவன்மீது நடவடிக்கை எடுப்பதாகவும் இல்லை. க்ளெண்டாவுக்கும் அதே கடிதம் போயிருக்க வேண்டும். நவம்பரில் அவள் வீட்டை விற்றுவிட்டு, கடலோரத்து ஸ்கெக்னெஸில் இருந்த தங்கையிடம் போய்விட்டாள். லாரியில் சாமான் ஏறும்போது பாலின் மட்டும் போய்க் கட்டிப்பிடித்துவிட்டு வந்தாள்.

பச்சைக் காரை வாங்க ஒரு கார் கிளப்பிலிருந்து ஒருவர் வந்தார். கைகள் இரண்டும் புதிதாக மாட்டிக்கொள்வதாகச் சொன்னார். "நான் கை வச்ச எதையும் நம்பி ஒருத்தன் ஓட்ட விட மாட்டேன்" என்று டெஸ்மண்ட் சொன்னதும் அவர் சங்கடப்பட்டுப் போனார். அந்த வாரமே டெஸ்மண்ட் சட்டகத்தைத் துண்டு துண்டாக அறுத்தான். அறுக்க இரண்டு நாள் ஆனது. எங்கேயும் ஒரு கெட்ட ஒட்டு அகப்படவில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிறு மதியம், பாலின் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தபோது, போன் அடித்தது. டெஸ்மண்ட் எடுத்தான்.

"நான் உன்கூடப் பேசணும்னு கூப்பிடல" என்றாள் க்ளெண்டா. பின்னால் கடல் காற்று ஜன்னலை ஆட்டும் சத்தம் கேட்டது. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். யோசிச்சு யோசிச்சு எனக்குத் தூக்கமே இல்ல. அந்தக் கை முதல்ல உடைஞ்சிருந்தா, அவன் ப்ரேக் அடிச்சிருப்பான்ல? அடிச்சிருந்தா தடம் இருந்திருக்கணும்ல?"

டெஸ்மண்ட் சுவரைப் பார்த்தான். முன்சக்கரக் கை முறிந்தால் அந்தச் சக்கரத்துக்குப் போகும் ப்ரேக் குழாய் பிய்ந்துபோகலாம். ஆனால் முன்னாலும் பின்னாலும் தனித்தனிக் குழாய். பின்சக்கரங்கள் பிடித்திருக்கும். காய்ந்த ரோட்டில் கறுப்பாக இரண்டு கோடு விழுந்திருக்கும். அடிக்க நேரமே இல்லாமலும் போயிருக்கலாம். அடிக்காமலும் இருந்திருக்கலாம்.

"இருந்திருக்காது" என்றான். "கை உடைஞ்சா குழாய் பிஞ்சிடும். ஆயில் மொத்தமும் போயிடும். மிதிச்சா பெடல் தரை வரைக்கும் போகும், ஒண்ணும் பிடிக்காது. தடமே விழாது."

"அப்ப அவன் மிதிச்சானா?"

"மிதிச்சிருப்பான். ரெண்டு காலாலயும் மிதிச்சிருப்பான். கார் நிக்கல."

"நிச்சயமா?"

"நிச்சயமா. நான் ஃபிட்டர், க்ளெண்டா. எனக்குத் தெரியும்."

மறுமுனையில் ஜன்னலை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அப்ப நீதான்" என்றாள்.

"ஆமா. நான்தான்."

போன் வைக்கப்பட்டது. அவனும் ரிசீவரை வைத்தான். திரும்பியபோது பாலின் சமையலறை வாசலில், கையில் துணியோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"ரெண்டு காருக்கும் ப்ரேக் குழாய்ல காத்து எடுக்கும்போது பெடல மிதிச்சது நான்தான்" என்றாள். "முன்னாடி தனி, பின்னாடி தனின்னு நீதான சொன்ன."

"தெரியும்."

"அவ நம்பிட்டாளா?"

"நம்பிட்டான்னுதான் நினைக்கிறேன்."

பாலின் கையிலிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். இனி வாழ்நாள் முழுக்க இந்த வீட்டில் இதுதான் உண்மை என்பது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அவனைத் தொட ஒரு கையை நீட்டினாள். பாதியில், அடுப்பில் தண்ணீர் பொங்கி வழியும் சத்தம் கேட்டு உள்ளே போனாள். டெஸ்மண்ட் போன் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். சாப்பிட வரச்சொல்லி அவள் இரண்டு முறை கூப்பிட்டாள். அவனுக்குக் கேட்டது. எழுந்திருக்க முடியவில்லை.